அந்த வாளை அடித்தது யார்?

தமிழ்த் திரைப்படங்களின் கலைத்துறையில் உதவியாளர்களாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் சேரக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



மாயாஜாலப் படம் ஒன்றுக்குப் பூஜை போட்டதும் ஆர்ட் டிபார்ட்மென்டில் முதலில் எழும் கேள்வி “எத்தனை அடி?” என்பதுதான். சிம்மாசனம் எத்தனை அடி, கோட்டைக் கதவு எத்தனை அடி, அரக்கன் தூக்கும் கதாயுதம் எத்தனை அடி. தயாரிப்பாளர் அதைத்தான் கேட்கிறார். பத்திரிகைக் குறிப்பிலும் அதுதான் வருகிறது. கேட்பதில் தப்பில்லை; சவுக்குக் கம்பும் பிளைவுட்டும் வாங்கப் போகிறவருக்கு அடிக்கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியோடு மட்டும் வேலை தொடங்கினால் பெரிய பொருள் கிடைக்கும், அந்த உலகம் கிடைக்காது. உங்கள் நோட்டின் முதல் பக்கத்துக்கு இந்த மடல் வேறு இரண்டு கேள்விகளைச் சிபாரிசு செய்கிறது. கதை நடக்கும் ஊரில் இதைச் செய்தவர் யார்? தினமும் இதைக் கையில் எடுப்பவர் யார்?

நியூசிலாந்தில் மாட்டமாட்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆடு மேயும் பண்ணை ஒன்று. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்காக பீட்டர் ஜாக்சனின் குழு 1998இல் வானிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. 1999 மார்ச்சில் வேலை தொடங்கியது. அந்நாட்டு ராணுவம் மண்வாரி இயந்திரங்களோடு வந்து பாதை போட்டுக்கொடுத்தது. குன்றுச் சரிவுகளில் 39 குழிவீடுகளின் வாசல்கள் எழுந்தன. கேமரா அங்கே போனது டிசம்பரில்தான். அதற்குள் நட்ட காய்கறியும் பூச்செடியும் வேர்பிடித்து, தோட்டக்காரர் தினமும் புழங்குகிற தோட்டமாகிவிட்டிருந்தன. நாயகன் வீட்டுக்கு மேலே ஓர் ஓக் மரம் வேண்டும் என்று கதை கேட்டது. பக்கத்தில் நின்ற மரம் ஒன்றை வெட்டி, கிளைகளுக்கு எண் போட்டுக் கொண்டுவந்து, குன்றின் உச்சியில் மறுபடி பூட்டினார்கள். தைவானிலிருந்து வரவழைத்த செயற்கை இலைகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டினார்கள்.

அந்த இடத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் இன்னொரு தகவலும் சொல்வதுண்டு. வீட்டு வாசலிலிருந்து துணி காயப்போடும் கொடி வரைக்கும் புல்லில் ஒற்றையடித் தடம் விழ வேண்டுமென்று, படப்பிடிப்புக்கு முன்னால் ஆள் வைத்துத் தினமும் நடக்கவிட்டார்களாம். சுற்றுலா வழிகாட்டி சொல்லும் கதையில் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம். ஆனாலும் அந்தத் தடத்தில் உங்கள் தொழிலின் பாதி இருக்கிறது. அங்கே யாரோ துணி துவைக்கிறார்கள், காயப்போடுகிறார்கள், மழை வந்தால் ஓடிப்போய் எடுக்கிறார்கள். இதில் எதையும் வசனம் சொல்வதில்லை. புல் சொல்கிறது.

இதை நம் ராஜா ராணிப் படங்களோடு வைத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு பழைய அரண்மனை என்று குரல் சொல்கிறது. தூணில் நேற்று மாலை அடித்த தங்கப் பெயின்டின் ஈரம் தெரிகிறது. விளக்கு மாடத்துக்கு மேலே கரி இல்லை. கதவில் கை படும் இடமும் படாத இடமும் ஒரே நிறம். ஏஜிங் செய்யாமல் விடுகிறார்கள் என்று சொல்ல முடியாது, செய்கிறார்கள். துணியை டீத்தண்ணீரில் முக்குகிறார்கள். சுவருக்குக் கறுப்பு வாஷ் அடித்து ஈரத்துணியால் துடைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பூசிவிடுகிறார்கள். உண்மையான பழசு அப்படி வராது. படிக்கட்டு நடுவில் தேயும், ஓரத்தில் தூசு சேரும். வாளின் பிடியில் வியர்வை கறுக்கும், ஆனால் கட்டைவிரல் அழுத்தும் இடம் மட்டும் பளபளக்கும். அம்மிக்கல்லை ஒருமுறை உற்றுப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கே தேய்ந்திருக்கும் என்பதைப் பயன்படுத்துபவரின் கையை நினைத்துத்தான் முடிவு செய்ய முடியும். உப்புத்தாளை எடுக்கும் முன் அந்தப் பொருளைப் பத்து முறை தூக்கி, வைத்து, உறையிலிருந்து உருவிப் பாருங்கள். உங்கள் விரல் பட்ட இடத்தில் மட்டும் தேயுங்கள்.

பணம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி என்று முணுமுணுப்பது கேட்கிறது. 1977இல் வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கலைத்துறைக்கும் கையில் காசு குறைவுதான். செட் அலங்காரப் பொறுப்பில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன் விண்கலத்தின் உட்புறத்துக்குப் பழைய விமானங்களின் காயலான் பாகங்களை வாங்கிவந்து சுவரெல்லாம் பொருத்தினார். படத்தின் நாயகன் கையில் ஒளிவாள் ஒன்று வேண்டும். அவர் லண்டனில் ஒரு புகைப்படக் கடையின் பழைய பெட்டிக்குள் கிராஃப்ளெக்ஸ் பத்திரிகைக் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். பிடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கவ்வியில் ஒரு கால்குலேட்டரின் குமிழ் வரிசையைச் செருகினார். அவ்வளவுதான் செலவு. அந்தக் கைப்பிடி ஒரு காலத்தில் நிஜமாகவே யாரோ ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் உள்ளங்கையில் இருந்த பொருள். கைக்கு அடங்குகிற எடையும் பருமனும் அதற்கு ஏற்கெனவே இருந்தன. அந்தப் படத்தில் துப்பாக்கிகளுக்கும் இதே வழிதான். மவுசர் கைத்துப்பாக்கி, ஸ்டெர்லிங் இயந்திரத் துப்பாக்கி ஆகிய நிஜ ஆயுதங்களின் மேல் வேறு பாகங்களைச் சேர்த்தார்கள். விண்வெளிப் படம் என்றால் எல்லாம் வெள்ளையாய், புதிதாய் மின்ன வேண்டும் என்றிருந்த வழக்கம், எண்ணெய்க் கறை படிந்த அந்த விண்கலத்தோடு மாறிப்போனது. கலை இயக்கத்துக்கான ஆஸ்கரில் கிறிஸ்டியனுக்கும் பங்கு கிடைத்தது.

காயலான் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி எடை. ஃபைபரில் வார்த்த பாறையைத் தூக்குபவர் பஞ்சு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினால், பாறை அங்கேயே செத்துவிடும். நடிகரிடம் சொல்லி நடிக்கவைக்கலாம், பாதி நேரம் அது போதும். மீதி நேரம் பொருளே உதவ வேண்டும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் படத்தில் மோதிரம் தரையில் விழும் காட்சி ஒன்று உண்டு. சாதாரண மோதிரம் விழுந்தால் துள்ளும், உருளும். இதுவோ விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. தரைக்கு அடியில் காந்தம் வைத்திருந்தார்கள். உலகத்தின் பாரமெல்லாம் அந்தச் சிறு வளையத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் கண்ணால் உணர்ந்துவிடுகிறார். கணினி வரைகலைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த அதே படத்தில் இந்த வித்தைக்கு ஆன செலவு ஒரு காந்தத்தின் விலை.

அந்த மோதிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்சன் என்ற ஊரின் பொற்கொல்லர் யென்ஸ் ஹான்சனின் பட்டறையில் அது உருவானது. செய்தது ஒன்றல்ல, ஏறக்குறைய 40. விரலில் போட ஓர் அளவு, கழுத்துச் சங்கிலியில் தொங்க இன்னோர் அளவு, உருவம் சிறிய நடிகருக்கும் பெரிய நடிகருக்கும் வெவ்வேறு அளவு. மிக நெருக்கமாகக் காட்ட, உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒன்று. திரையில் ஒரே பொருளாகத் தெரிவது பட்டறையில் ஒரு குடும்பமாக இருக்கும். வாள்களும் இப்படித்தான். வெலிங்டனின் மிராமார் பகுதியில் இருக்கும் வேட்டா ஒர்க்‌ஷாப்பில் பீட்டர் லயன் என்ற வாள்கொல்லர் எஃகில் அடித்த வாள்கள் நெருக்கக் காட்சிகளுக்கு. மோதிக்கொள்ள அலுமினியத்தில் அதே வடிவம். குதிரையிலிருந்து விழுபவருக்கும் கூட்டத்தில் ஓடுபவருக்கும் ரப்பர் போன்ற மென்பொருளில் வார்த்தது. மூன்றிலும் கீறல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடிட்டிங் மேஜையில் குட்டு வெளிப்படும். ஹீரோ பீஸ் எது, டூப் எது என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டுவது உதவியாளர் வேலை. அலட்சியமாக எழுதினால் எஃகு வாள் சண்டைக் கலைஞரின் கைக்குப் போய்விடும்.

அதே பட்டறையின் சங்கிலிக் கவசக் கதை பலர் கேட்டதுதான். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கையால் கோத்து, மேலே உலோகப் பூச்சு கொடுத்தார்கள். மொத்தம் 1 கோடியே 25 லட்சம் வளையங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கோத்தவர்களின் விரல்ரேகை அழிந்துபோனது என்பார்கள். அதைவிட முக்கியமான கதை தியோடன் அரசனின் மார்புக் கவசம். வெளியே தங்க வேலைப்பாடு. அதை அணிந்து நடித்த பெர்னார்ட் ஹில், உள்பக்கத்திலும் வேலைப்பாடு இருந்ததை வியந்து சொல்லியிருக்கிறார். கவசத்தின் உள்பக்கத்தை எந்தக் கேமராவும் பார்க்கப் போவதில்லை. பார்த்தவர் ஒருவர்தான், தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டவர்.

இதைக் கேட்டதும் தயாரிப்பு நிர்வாகிக்கு நெஞ்சு அடைக்கும். எல்லாக் கவசத்துக்கும் உள்ளே சித்திர வேலை செய்யச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஐந்நூறாவது ஆளாக நிற்பவருக்கு மோல்டில் எடுத்த ஃபைபர் துண்டு போதும். எந்த ஒரு பொருளில் உழைப்பைக் கொட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் கலை இயக்குநரின் மூளை. அந்தத் தேர்வை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். எந்தக் கல்லூரியிலும் அது பாடமாக இல்லை.

அளவு பற்றி முதலில் ஏளனமாகப் பேசியாகிவிட்டது. அளவே கதையாகும் இடமும் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் குழிவீடுகளில் வாழும் ஹாபிட்டுகள் மனிதரைவிடக் குள்ளமானவர்கள். மந்திரவாதி காண்டால்ஃப் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். நடிகர்களுக்குள்ளோ அவ்வளவு உயர வித்தியாசம் இல்லை. அதனால் அந்த வீட்டின் உட்புறத்தை ஸ்டூடியோவில் இரண்டு முறை கட்டினார்கள். ஹாபிட்டாக நடிப்பவர் நிற்கும்போது சரியாக இருக்கும் பெரிய வீடு ஒன்று. மந்திரவாதியின் தலை இடிக்கும் சிறிய வீடு ஒன்று. வீடு இரண்டு என்றால் நாற்காலி இரண்டு, கோப்பை இரண்டு, அலமாரிப் புத்தகம் ஒவ்வொன்றும் இரண்டு. பெரிய நாற்காலியில் மர ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படியே சின்ன நாற்காலியிலும் ஓட வேண்டும். ஒரு காட்சியில் மேஜையையே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நகரும் மேடைமேல் ஏற்றி, கேமரா நகர நகர மேஜையும் நடிகரும் சேர்ந்து நகரும்படி செய்தார்கள். கண்ணை ஏமாற்றும் இந்தக் கோணக் கணக்கு நாடக மேடை நாளிலிருந்தே இருக்கிறது, ஆனால் கேமரா நின்ற இடத்தில் நின்றால்தான் பலிக்கும் என்றிருந்தார்கள். கேமரா நகரும்போதும் அதைப் பலிக்கவைத்தது தச்சர்களும் தண்டவாளம் போட்டவர்களும்தான். சின்ன வீட்டில் காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் நிமிர்ந்தபோது உத்தரத்தில் தலை இடித்தது திட்டமிடாதது. ஜாக்சன் அதைப் படத்தில் வைத்துக்கொண்டார். அளவு சரியாக இருந்ததற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஏது என்று கேட்பவர்களுக்குக் கோடம்பாக்கத்து வரலாறு தெரியவில்லை. 1948இல் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை யூடியூபில் போட்டுப் பாருங்கள். கலை இயக்கம் ஏ. கே. சேகர். ராட்சத முரசுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். நடனம் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள். அந்த முரசைக் காகிதத்தில் வரைந்தவர் எதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும்? மேலே ஆடுபவரின் எடை தாங்க வேண்டும், உள்ளே ஆள் ஒளிய இடம் வேண்டும், அவர் வெளியே வர வழி வேண்டும், அதுவரை அந்த வழி கண்ணில் படக்கூடாது. மேடை, ஒளிவிடம், போர்த்தந்திரம் மூன்றும் ஒரே பொருள். அதை எடுத்துவிட்டால் படத்துக்கு உச்சக்காட்சியே இல்லை. இன்று பிரமாண்டம் என்ற பெயரில் பாட்டுக்குப் பின்னால் நிறுத்துகிற அலங்காரங்களில் எத்தனைக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது?

ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது ‘மாயா பஜார்’. வாஹினி ஸ்டூடியோவில் மா. கோகலே, கலாதர் இருவரும் கலை இயக்கம், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. 1951இல் ‘பாதாள பைரவி’யின் மந்திர உலகத்தை இயக்குநர் கே. வி. ரெட்டியோடு சேர்ந்து உருவாக்கியவர்களும் இவர்கள்தான். ‘மாயா பஜார்’ படத்தின் துவாரகை நகரம் 50 அடிக்கு 60 அடி பரப்பில் சின்னச் சின்ன வீடுகளாக அமைத்த மாதிரி. கணினி கிடையாது, ஒளியும் பொறுமையும்தான். திறந்தால் மனத்துக்கு இனியவரின் உருவம் தெரியும் பெட்டி ஒன்றும் அந்தப் படத்தில் வருகிறது. மடிக்கணினியில் வீடியோ அழைப்பு பேசுகிற தலைமுறை அதைப் பார்த்துச் சிரிக்கும், பிறகு கொஞ்சம் திகைக்கும். பெட்டி எவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஓர் இளவரசியின் அறையில் இருக்கக்கூடிய நகைப்பெட்டி மாதிரியே இருக்கிறது. மாயம் உள்ளே இருப்பதால் வெளியே மாயக் குறிகளை அப்பவில்லை. இன்றைய வடிவமைப்பாளர் கையில் கொடுத்திருந்தால் நான்கு பக்கமும் டிராகன் ஏறியிருக்கும். உள்ளே எல்இடி எரிந்திருக்கும்.

டிராகன் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் ரெஃபரன்ஸ் படங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டை, ஐரோப்பியக் கவசம், ஏற்கெனவே வேறொரு படத்துக்காக யாரோ வடிவமைத்த ஆயுதம். நகலின் நகல். ‘பிளாக் பாந்தர்’ படத்துக்குக் கலை இயக்குநர் ஹன்னா பீச்லர் என்ன செய்தார் என்று பாருங்கள். வகாண்டா என்ற இல்லாத நாட்டுக்கு அவர் 500 பக்கங்களுக்கு மேல் ஒரு கையேடு தொகுத்தார். அதன் மக்கள், கட்டடங்கள், ஊர்களின் அமைப்பு எல்லாம் அதில் இருந்தன. வேர் நிஜ ஆப்பிரிக்கச் சமூகங்களில் இருந்தது. அரசமாதாவின் கிரீடம் ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் தொப்பியின் வடிவம். உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டரின் குழு அதை 3டி அச்சில் வார்த்தது. பழைய வடிவம், புதிய பொருள். 2019இல் பீச்லருக்கும் கார்ட்டருக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

நம்மிடம் வேர் குறைவா? தெருக்கூத்துக் கலைஞரின் கட்டைகளை ஒரு நாள் கையில் வாங்கிப் பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியவை. விடிய விடிய ஆடுபவரின் தலை தாங்க வேண்டும் என்ற கணக்கு அந்த மரத்திலேயே இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் விளக்கொளியில் மின்ன வேண்டும் என்ற கணக்கு கண்ணாடித் துண்டில் இருக்கிறது. கோயில் வாகன மண்டபத்தில் நிற்கும் யாளியும் கயிலாச வாகனத்து ராவணனும் கற்பனை உயிரைத் தோளில் சுமக்கக்கூடிய பொருளாக மாற்றிய தச்சர்களின் வேலை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு கட்டாரியின் பிடியை வரைந்து முடிப்பதற்குள், கை எந்தக் கோணத்தில் குத்தும் என்பது புரிந்துவிடும். ஸ்கேல், பென்சிலோடு போங்கள். ஃபோனில் கிளிக் செய்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

காகிதத்தை மறந்துவிடாதீர்கள். ஹாரி பாட்டர் படங்களில் மிராஃபோரா மினாவும் எடுவார்டோ லீமாவும் செய்தித்தாள், பாடப்புத்தகம், மிட்டாய்ப் பொட்டலம், அரசாங்க நோட்டீஸ் என்று மந்திரவாதிகளின் நாட்டுக்கு ஓர் அச்சகமே நடத்தினார்கள். மந்திரக்கோல் கடையில் 17,000 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சீட்டு. தலைமையாசிரியர் அறையின் தோல் அட்டைப் புத்தகங்களில் பல, உள்ளே பழைய டெலிபோன் டைரக்டரிகள். பள்ளியில் சேரச்சொல்லி வரும் கடிதங்கள் வீட்டுக்குள் கொட்டும் காட்சிக்கு மெழுகு முத்திரையோடு அசல் கடிதம் செய்தார்கள். பறக்க அது கனமாக இருந்ததால் லேசான தாளில் மறுபடி அச்சடித்தார்கள். நம் படங்களிலோ அரசன் விரிக்கும் ஓலையில் எழுத்து தெரிகிற அளவுக்கு நெருக்கமாகப் போனால் நெஞ்சு பதறும். பிழையான தமிழ், கணினி எழுத்துரு, எட்டாம் நூற்றாண்டுக் கதையில் இருபதாம் நூற்றாண்டு எழுத்துவடிவம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தால் தீர்கிற விஷயம் இது.

அதே படங்களின் கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க், பள்ளியின் பெரிய கூடத்துக்கு நிஜமான யார்க் கல் தளம் போடவைத்தார். முதல் படத்துக்கு அது அதிகச் செலவு. எட்டுப் படம், பத்து ஆண்டு, ஆயிரக்கணக்கான கால்கள் நடந்தும் தாங்கியது. மிதக்கும் மெழுகுவர்த்திகளில் மட்டும் கணக்குத் தப்பியது. முதலில் நிஜ மெழுகுவர்த்திகளைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். சுடர் பட்டுக் கம்பி அறுந்து ஒன்றிரண்டு விழுந்தன. கீழே குழந்தைகள். அப்புறம் அந்த வேலை கணினிக்குப் போனது, அங்கேதான் போயிருக்கவும் வேண்டும். நடிகர் தொடுவது, மிதிப்பது, சாய்ந்து நிற்பது உங்களுடையது. தலைக்கு மேல் எரிவதைக் கணினிக்கு விட்டுவிடலாம். சாபு சிரில் ‘பாகுபலி’ படங்களுக்கு ராமோஜி ஃபிலிம் சிட்டியில் மகிழ்மதியைக் கட்டியபோதும் பிரிவினை ஏறக்குறைய இதுதான். கைக்கு எட்டும் உயரம் வரை செட், அதற்கு மேல் கணினி. சுழலும் கத்திகளோடு பல்லாளதேவன் ஓட்டிவரும் ரதத்துக்கு உள்ளே ராயல் என்ஃபீல்டு எஞ்சின் ஓடியது.

விழுந்த மெழுகுவர்த்தியைச் சொன்ன பிறகு உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1939இன் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ இந்தத் தொழிலின் பாடப்புத்தகம், நல்லதுக்கும் கெட்டதுக்கும். நல்லது: மூலக்கதையின் வெள்ளிக் காலணி, டெக்னிகலருக்காகச் சிவப்பானது. பளிச்சென்ற சிவப்பு திரையில் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால் சமிக்கிகளுக்கு அடர்ந்த சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நடனத்தின்போது சத்தம் கேட்காமலிருக்கச் சில ஜோடிகளின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டினார்கள். கண்ணுக்கு, கேமராவுக்கு, ஒலிப்பதிவாளருக்கு என்று ஒரே செருப்பு மூன்று பேருக்குப் பதில் சொன்னது. கெட்டது: கசகசாப்பூ வயலில் கொட்டிய பனி, ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்கள். தகர மனிதனாக முதலில் நடிக்கத் தொடங்கிய நடிகர், முகத்தில் பூசிய அலுமினியத் தூளை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனார். அந்த வேடம் கைமாறியது.

அது எண்பது ஆண்டுக்கும் முந்தைய அறியாமை என்று தள்ளிவிடலாம். ஆனால் இன்று ஃபைபர் வார்ப்பைக் கிரைண்டரால் தேய்க்கும் இளைஞர் முகத்தில் என்ன கட்டியிருக்கிறார்? பெரும்பாலும் கைக்குட்டை. கண்ணாடி இழைத் தூசிக்குக் கைக்குட்டை ஒரு பொருட்டே அல்ல. ரெசின் கலக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், தெர்மோகோலை வெட்டிய இடத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது, சாரத்தில் ஏறுபவருக்கு இடுப்புக் கயிறு வேண்டும். முதல் நாள் வேலைக்கு வந்தவர் இதைக் கேட்டால் “பயந்தாங்கொள்ளி” என்பார்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் மேலாளர் முகமூடிப் பெட்டி வாங்கிவருவார். சங்கம் இருப்பது எதற்கு?

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாட்டமாட்டாவின் குழிவீடுகள் நின்ற ஹாபிட்டன் செட்டை 1999இல் கட்டியபோது அது நிலைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பிளைவுட், தெர்மோகோல், பெயின்ட். படப்பிடிப்பு முடிந்ததும் இடிக்கத் தொடங்கினார்கள். வானிலை கெட்டு வேலை பாதியில் நின்றது. 17 குழிவீடுகளின் வெற்று முகப்புகள் மிஞ்சின. கதவும் இல்லாத, வண்ணமும் இல்லாத அந்த முகப்புகளைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2002இல் சுற்றுலா தொடங்கியது. ‘தி ஹாபிட்’ படங்களுக்காக 2009இல் திரும்பக் கட்டும்போது நிலைத்த பொருளிலேயே கட்டிவிட்டார்கள். லண்டனுக்கு வெளியே ஹாரி பாட்டர் செட்டுகளுக்கு இன்றும் நுழைவுச்சீட்டு விற்கிறது. மகிழ்மதியும் அப்படித்தான்.

சென்னையில் செட் பிரிப்பது ஒரு நாள் வேலை. பிளைவுட் அடுத்த படத்துக்கு, கம்பு வாடகைக்காரருக்கு, மோல்டுகள் குப்பைக்கு. பொருளைக் காப்பாற்ற இடமும் பணமும் வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. தகவலைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. ‘சந்திரலேகா’வின் முரசுக்குள் சட்டம் எப்படி அடித்தார்கள் என்ற வரைபடம் ஒன்று நம் கையில் இருந்தால் எத்தனை கலை இயக்குநர்களுக்கு அது பாடமாகியிருக்கும்! அடுத்த முறை லாரி வந்து நிற்பதற்கு முந்தைய மாலை, ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு செட்டைச் சுற்றி வாருங்கள். சுவரின் நீள அகலம், தூணின் சுற்றளவு, துருவின் நிறம் வர எந்தப் பெயின்டில் எது எத்தனை பங்கு கலந்தீர்கள், கதாயுதத்தின் உள்ளே என்ன வைத்து எடை ஏற்றினீர்கள், எந்த வார்ப்பு முதல் முறை வெடித்தது, ஏன் வெடித்தது என்று எழுதுங்கள். செதுக்கிய தச்சர், வார்த்த மோல்டர், பெயின்டர் ஆகியோரின் பெயர்களை அவர்கள் அனுமதியோடு முழுதாக எழுதுங்கள். டைட்டிலில் வராத பெயர்கள் அங்கேயாவது இருக்கட்டும். நோட்டை நகலெடுத்து ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வாங்கி வைக்க அலமாரி இல்லை என்று சொன்னால், அலமாரி செய்யத் தெரிந்தவர்கள் நீங்கள்தானே.

அன்புடன்,
திரையில் பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்காத ஒரு பார்வையாளர்